விடை வந்துவிட்டது, அப்புறம்?

ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவரின் வயது என்ன?

1979ஆம் ஆண்டு பிரான்சின் கிரனோபிள் நகரைச் சேர்ந்த கணிதக் கல்வி ஆய்வாளர்கள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 97 பேரிடம் இந்தக் கேள்வியைக் கொடுத்தார்கள். 76 பேர் அந்த இரண்டு எண்களை வைத்தே வயதைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். ஆட்டுக்கும் வயதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான்.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னால் சிரிப்பு கிளம்பும். ஆனால் அந்தப் பிள்ளைகள் யோசிக்கத் தெரியாதவர்கள் இல்லை. கப்பலைப் பற்றி யோசிக்காமல் பள்ளிக்கூடத்தைப் பற்றி நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். டீச்சர் கொடுத்த கணக்கென்றால் விடை உண்டு. கொடுத்த எண்களை எல்லாம் பயன்படுத்தியாக வேண்டும். இந்த வாரம் கூட்டல் நடக்கிறது, அதனால் கூட்டினால் சரியாக இருக்கும். கேள்வியையே கேள்வி கேட்டால் அடங்காத பிள்ளை என்று பெயர் வரும். இவை எந்தப் பாடநூலிலும் இல்லாத விதிகள். நாம்தான் நாள்தோறும் வாயைத் திறக்காமலே இவற்றைச் சொல்லிக்கொடுக்கிறோம்.

வயது கூடினால் இது சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு நடந்த தேசிய மதிப்பீட்டில் இப்படி ஒரு கணக்கு வந்தது: 1,128 படைவீரர்களை ஏற்றிச் செல்ல வேண்டும், ஒரு பேருந்தில் 36 பேர் அமரலாம், எத்தனை பேருந்துகள் தேவை? சுமார் 70 சதவீதம் பேர் வகுத்தலைப் பிழையின்றிச் செய்திருந்தார்கள். ஆனால் 32 என்று எழுதியவர்கள் 23 சதவீதம்தான். 29 சதவீதம் பேர் ‘31, மீதி 12’ என்று எழுதினார்கள். 18 சதவீதம் பேர் 31 என்று எழுதி, 12 வீரர்களை நடுரோட்டில் விட்டுவிட்டார்கள்.

வகுத்தல் தெரியும். ஈவு தெரியும், மீதி தெரியும். விடை வந்ததும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு கதைக்குத் திரும்பிப் போய், ‘பேருந்து என்று கேட்டார்களே, இது பேருந்தாகுமா?’ என்று பார்க்கும் அந்த ஒரு நிமிடம்தான் இல்லை. அந்த நிமிடத்தை வகுப்பில் எப்படி உண்டாக்குவது என்பதே இந்த அத்தியாயம்.

‘போட்டு முடிச்சதும் ஒரு தடவை செக் பண்ணு’ என்று சொல்லிவிட்டால் அது உண்டாகிவிடாது. ஹங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் ஜார்ஜ் போல்யா 1945இல் எழுதிய ‘ஹௌ டு சால்வ் இட்’ நூலில் கணக்குத் தீர்ப்பதை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்: கணக்கைப் புரிந்துகொள், திட்டம் போடு, திட்டத்தை நிறைவேற்று, திரும்பிப் பார். பி.எட். படித்த எல்லோருக்கும் இது மனப்பாடம். ஆனால் நம் வகுப்புகளில் நான்காவது கட்டத்துக்கு முறை வருவதே இல்லை. விடை வந்ததும் அடுத்த கணக்கு, இல்லாவிட்டால் மணி. இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த நான்கையும் படிக்கட்டு போல நடத்துவதால், திரும்பிப் பார்ப்பது கடைசியில் செய்கிற வேலை என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். குழம்பைப் பரிமாறிய பிறகா உப்புப் பார்க்கிறோம்? கொதிக்கும்போதே பார்க்க வேண்டும். போல்யாவின் புத்தகத்தையே நிதானமாகப் படித்தால் அவரும் வழிநெடுகக் கேள்வி கேட்டுக்கொண்டே போவது தெரியும்.

சரியான விடைக்கும் ‘எப்படி?’

உங்கள் வகுப்பில் ‘எப்படி வந்துச்சு?’ என்ற கேள்வி எப்போது எழுகிறது? பெரும்பாலும் விடை தப்பாக இருக்கும்போதுதான். அதனால் அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் பிள்ளையின் கை அழிரப்பருக்குப் போகிறது. சரியான விடைக்கு ‘வெரி குட், உட்காரு’. தவறான விடைக்கு ‘எப்படி?’ இந்தப் பழக்கம் இருக்கும்வரை, காரணம் சொல்வதைத் தண்டனையாகத்தான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள்.

முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். இரண்டு வாரத்துக்கு, சரியான விடை சொன்னவரிடமும் அதே குரலில், அதே முகத்தோடு ‘எப்படி வந்துச்சு?’ என்று கேளுங்கள். ஆரம்பத்தில் வேடிக்கையாக இருக்கும். “24 சார்.” “எப்படி வந்துச்சு?” “இல்ல சார்… 42.” சரியான விடையையே மாற்றிவிடுவார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். நாளாக ஆக, ‘சார் சும்மாதான் கேக்குறாரு’ என்று தெரிந்துகொள்வார்கள். அப்போதுதான் காரணம் சொல்ல வாய் திறக்கும்.

கேட்டபின் காத்திருக்கவும் வேண்டும். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து ஆராய்ந்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடியாகவோ அதற்கு மேலாகவோ நீட்டியபோது பதில்கள் நீண்டன, ‘தெரியாது’ குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். காத்திருக்க வேண்டிய இடங்கள் இரண்டு: கேள்வி கேட்ட பிறகு ஒன்று, பிள்ளை பதில் சொல்லி நிறுத்திய பிறகு இன்னொன்று. இரண்டாவதுதான் நமக்குக் கஷ்டம். பதில் வந்ததும் ‘சரி’, ‘தப்பு’ என்று ஏதாவது ஒன்று நம் வாயிலிருந்து தானாக வந்துவிடும். வந்துவிட்டால் வகுப்பு யோசிப்பதை நிறுத்திவிடும். ‘சபாஷ்’கூட யோசனைக்குப் பூட்டுதான். அதற்குப் பதில் ‘சரி, வேற மாதிரி யாராவது பார்த்தீங்களா?’ என்று கேட்டுவிட்டு நில்லுங்கள்.

ஒரு கணக்கு, ஒரு பீரியடு

இனி ஒரு கணக்கை முழுதாக நடத்திப் பார்க்கலாம். எட்டாம் வகுப்புக்கோ ஒன்பதாம் வகுப்புக்கோ பொருந்தும்.

ஒரு வேன் ஓர் ஊருக்கு மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகிறது. அதே வழியில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் திரும்பி வருகிறது. முழுப் பயணத்தின் சராசரி வேகம் என்ன?

கேள்வியை எழுதி முடிப்பதற்குள் “50 சார்!” வந்துவிடும், நன்றாகப் படிக்கிற பிள்ளைகளிடமிருந்தும். தப்பு என்று சொல்லாதீர்கள், சரி என்றும் சொல்லாதீர்கள். பலகையின் ஓரத்தில் 50 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். பிறகு பேச்சு இப்படிப் போகலாம்:

“போறப்ப நேரம் அதிகமா ஆச்சா, வர்றப்பவா?”

“போறப்ப சார்.”

“அப்ப வேன் அதிக நேரம் எந்த வேகத்துல ஓடியிருக்கு?”

“நாப்பதுல.”

“சராசரி எந்தப் பக்கம் சாயும், நாப்பது பக்கமா அறுபது பக்கமா?”

இங்கே அவசரப்படக் கூடாது. யாராவது ஒருவர், பெரும்பாலும் முதல் பெஞ்ச் இல்லை, “அப்ப அம்பதுக்குக் கீழதானே சார் வரணும்?” என்பார். இதுவரை யாரும் ஒரு கணக்கும் போடவில்லை. ஆனாலும் 50 தப்பு என்று காரணத்தோடு தெரிந்துவிட்டது. இதைத்தான் தர்க்கம் என்கிறோம். ‘விடை 40க்கு மேல், 50க்குக் கீழ்’ என்று எல்லோரையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கணக்குப் போடுவதற்கு முன்பே விடையைச் சுற்றி வேலி போட்டாயிற்று.

அடுத்து யாரோ ஒருவர் “தூரம் குடுக்கலையே சார்” என்பார். அந்தப் பிள்ளையை மனதாரப் பாராட்டுங்கள், கேள்வியைத் திரும்பிப் பார்த்த முதல் ஆள் அவர்தான். ‘தூரம் x என்க’ என்று உடனே எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு பெஞ்சும் பிடித்த தூரத்தை வைத்துக்கொள்ளட்டும். 120 கி.மீ. எடுத்தவர்களுக்குப் போக 3 மணி, வர 2 மணி. 240ஐ 5ஆல் வகுத்தால் 48. 60 எடுத்தவர்களுக்கு ஒன்றரை மணியும் ஒரு மணியும். 120ஐ இரண்டரையால் வகுத்தால் 48. 100 எடுத்தவர்கள் பின்னத்தில் மாட்டிக்கொண்டு திணறுவார்கள், கடைசியில் அவர்களுக்கும் 48 வரும். ‘அவங்க ஏன் 120 எடுத்தாங்க, பார்த்தியா?’ என்று கேட்டால் மீ.சி.ம. எதற்கு என்பது அந்த இடத்தில் புரியும்.

இப்போது மூன்று தூரம், ஒரே விடை. ‘தூரம் மாறியும் விடை மாறலையே, ஏன்?’ எட்டாம் வகுப்பில் “தூரம் ரெண்டு மடங்கானா நேரமும் ரெண்டு மடங்காகுது சார்” என்ற பதில் போதும். ஒன்பதாம் வகுப்பில் தூரத்தை d என்று வைத்து, d அடிபட்டுப் போவதைப் பார்க்கலாம். முதலிலேயே d என்று எழுதியிருந்தால் அடித்தல் மட்டும்தான் தெரிந்திருக்கும். இப்போது ஏன் அடிபடுகிறது என்பதும் தெரிகிறது.

பலகை ஓரத்தில் அந்த 50 இன்னும் காத்திருக்கிறது. ‘50 எந்தக் கணக்குக்குச் சரியான விடை?’ என்று கேளுங்கள். என் கணிப்பில் இந்தப் பீரியடின் மிக நல்ல கேள்வி இதுதான். வேன் 40 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரமும் 60 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரமும் ஓடியிருந்தால் சராசரி 50. அதாவது தூரம் சமம் என்று கணக்கு சொன்னது, நேரம் சமம் என்று நாம் எடுத்துக்கொண்டோம். பிள்ளைகளின் தவறான விடைகள் பெரும்பாலும் வேறொரு கேள்விக்குச் சரியான விடைகள். அந்த வேறு கேள்வியைக் கண்டுபிடிக்க வைத்தால், தவறு செய்த பிள்ளையும் தலைநிமிர்ந்து உட்காரும்.

நேரம் இருந்தால் இன்னும் ஒன்று. ‘போறப்ப 40. மொத்தத்துக்கும் சராசரி 80 வரணும். திரும்பி வர்றப்ப என்ன வேகத்துல வரணும்?’ இப்போதுதான் பாடம் நடந்திருக்கிறது, இருந்தாலும் “120 சார்” என்று ஒரு குரல் வரத்தான் செய்யும். 120 கி.மீ. தூரத்தை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 240 கி.மீ. தூரத்தை 80 வேகத்தில் கடக்க மொத்தம் 3 மணி நேரம். போவதற்கே 3 மணி நேரம் செலவாகிவிட்டது. திரும்பி வர ஒரு நொடிகூட மிச்சம் இல்லை. எவ்வளவு வேகமாக வந்தாலும் 80 வராது. விடை இல்லாத கணக்கும் உண்டு என்பதை, ஏன் இல்லை என்ற காரணத்தோடு பிள்ளைகள் பார்க்கிறார்கள். கப்பல் தலைவர் கணக்குக்கான மருந்து இதுதான்.

இதே வகைப் புதிர் ஒன்றை உளவியலாளர் மேக்ஸ் வெர்தைமர் 1934இல் ஐன்ஸ்டைனுக்குக் கடிதத்தில் அனுப்பினார். ஒரு மைல் மேட்டை மணிக்கு 15 மைல் வேகத்தில் ஏறிய பழைய கார், சராசரி 30 மைல் வர எந்த வேகத்தில் இறங்க வேண்டும் என்பது புதிர். இறங்குவதற்கு நேரமே மிச்சமில்லை என்பது கணக்கிட்டுப் பார்த்த பிறகுதான் தனக்குத் தெரிந்ததாக ஐன்ஸ்டைன் பதில் எழுதினார். வகுப்பில் இதைச் சொல்லுங்கள். 120 என்று சொன்ன பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கும். நின்று பார்ப்பதிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை என்பதும் புரியும்.

நடந்துகொண்டே கேட்கும் மூன்று கேள்விகள்

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் ஷோன்ஃபெல்ட், கல்லூரி, உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பழக்கமில்லாத கணக்குகளைப் போடுவதை வீடியோவில் பதிவு செய்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பதிவுகளில் ஏறக்குறைய 60 சதவீதம் ஒரே மாதிரி இருந்தன: கேள்வியைப் படிக்கிறார்கள், சட்டென்று ஒரு வழியைப் பிடிக்கிறார்கள், அது எங்கே போகிறது என்று பார்க்காமல் நேரம் முடியும்வரை அதிலேயே ஓடுகிறார்கள். வடிவியலைத் தொட்டுப் பல ஆண்டுகளான ஒரு கணிதவியலாளருக்கும் அதே போல ஒரு வடிவியல் கணக்கைக் கொடுத்தார். அவர் நேரத்தில் பெரும்பகுதியை யோசிப்பதிலேயே கழித்தார். பல வழிகளைத் தொட்டுப் பார்த்து, இது சரிவராது என்று விட்டார், கடைசியில் தீர்த்தும்விட்டார். வடிவியல் தேற்றங்கள் மாணவர்களுக்குத்தான் புதிதாக நினைவிருந்தன. அவரிடம் இருந்தது, நடுவழியில் தன்னையே நிறுத்திக் கேட்கும் பழக்கம்.

அதை மாணவர்களிடம் உண்டாக்க ஷோன்ஃபெல்ட் குழுக்களுக்கு நடுவே நடந்துகொண்டே மூன்று கேள்விகள் கேட்டார். நம் வகுப்பு மொழியில்: ‘இப்ப என்ன பண்ணிட்டிருக்க? எதுக்கு? இது வந்தா அதை வச்சு என்ன பண்ணப் போற?’ ஆரம்பத்தில் மாணவர்கள் திணறினார்கள். பருவம் போகப்போக, அவர் வருவதற்கு முன்பே தங்களுக்குள் கேட்டுக்கொள்ளத் தொடங்கினார்கள்.

பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் இதைச் சோதித்துப் பாருங்கள். கலங்கரை விளக்கத்தின் உயரம் கேட்டிருக்கும், பிள்ளை மும்முரமாகக் கர்ணம் கண்டுபிடித்துக்கொண்டிருக்கும். ‘கர்ணம் எதுக்கு?’ என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுங்கள். ‘டேன் போடு’ என்று சொல்லிவிட்டால் அது உங்கள் யோசனை. பேசாமல் நகர்ந்தால், திரும்பி வரும்போது அந்த வரி அடிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இந்த மூன்றையும் வண்ணத்தாளில் எழுதி ஒட்ட வேண்டாம். சுவரில் ஏறியது எதையும் பிள்ளைகள் ஒரு வாரத்துக்குப் பிறகு படிப்பதில்லை. கால் வலிக்க நடந்து வாயால் கேட்பதுதான் வேலை செய்யும்.

‘மொத்தம்’ என்றாலே கூட்டலா?

கைடுகளிலும் டியூஷன்களிலும் ஒரு குறுக்குவழி ஓடுகிறது. ‘மொத்தம்’ என்று வந்தால் கூட்டு, ‘மீதி’ என்றால் கழி, ‘ஆளுக்கு எவ்வளவு’ என்றால் வகு, ‘அதிகம்’ என்றால் கூட்டு. இரண்டாம் வகுப்பில் இது நன்றாக ஓடும், அதுதான் ஆபத்து. ‘கவிதாவிடம் 12 மாங்காய் உள்ளன. இது மாலாவிடம் உள்ளதைவிட 5 அதிகம். மாலாவிடம் எத்தனை?’ ‘அதிகம்’ வந்துவிட்டது, அதனால் 17. யாரிடம் அதிகம் என்று பார்க்கவே இல்லை.

இந்தக் குறுக்குவழியைக் கற்றுக்கொடுக்கவே வேண்டாம் என்பது என் முடிவான கருத்து. அதற்குப் பதில் எண்களை மறைத்துவிட்டுக் கதையை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். ‘கவிதாவிடம் கொஞ்சம் மாங்காய். அது மாலாவிடம் இருப்பதைவிட அதிகம். யாரிடம் குறைவு?’ எண் இல்லாதபோது கூட்டவோ கழிக்கவோ முடியாது, யோசிக்க மட்டும்தான் முடியும்.

பெரிய வகுப்பிலும் இந்த வியாதி தொடரும். 1980ஐ ஒட்டிய காலத்தில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களிடம், ‘பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள்’ என்பதைச் சமன்பாடாக எழுதச் சொன்னார்கள். மாணவர் S, பேராசிரியர் P. 37 சதவீதம் பேர் தவறாக எழுதினார்கள், அவர்களில் பெரும்பாலோர் எழுதியது 6S = P. சொற்கள் வரும் வரிசையிலேயே எழுதிவிடுகிறார்கள். 10 பேராசிரியர், 60 மாணவர் என்று போட்டுப் பார்த்தால் 360 = 10 என்று வந்து பல்லிளிக்கும். சமன்பாடு எழுதியதும் ஒரு சின்ன எண்ணைப் போட்டுப் பார்க்கும் பழக்கம் ஏழாம் வகுப்பிலேயே வந்துவிட வேண்டும்.

சரிபார்க்க வேறு வழியில் வா

பிள்ளைகளைச் சரிபார்க்கச் சொன்னால் என்ன செய்கிறார்கள்? போட்ட வரிகளை மேலிருந்து கீழாக மறுபடி படிக்கிறார்கள். வேன் கணக்கில் 40ஐயும் 60ஐயும் எத்தனை முறை கூட்டி இரண்டால் வகுத்தாலும் 50தான் வரும். வந்த வழியிலேயே திரும்பவும் நடந்தால் பிழை கண்ணில் படாது.

வேறு வழிகள் உண்டு. ஒன்று, பின்னாலிருந்து வருவது. 499இல் ஆரியபட்டரும் 1150இல் லீலாவதியில் பாஸ்கராச்சாரியாரும் இதற்கு விதியே எழுதியிருக்கிறார்கள்: விடையிலிருந்து தொடங்கு, பெருக்கிய இடத்தில் வகு, கூட்டிய இடத்தில் கழி, வர்க்கம் செய்த இடத்தில் வர்க்கமூலம் எடு. இன்னொன்று, வேலி போடுவது, மேலே பார்த்தோம். மூன்றாவது, விடையை வாழ்க்கையோடு ஒட்டிப் பார்ப்பது. கலங்கரை விளக்கம் 0.6 மீட்டர் உயரம் என்று வந்தால், படகுக்காரர் அதைத் தாண்டிக் குதித்துப் போய்விடலாம். இதை எழுதிய பிள்ளையைத் திட்டாமல், ‘உன் இடுப்பு உயரம் எவ்வளவு இருக்கும்?’ என்று கேட்டால் போதும்.

எத்தனை உதாரணம் போதும்?

‘மூணு தடவை போட்டுப் பார்த்தேன், சரியா வந்துச்சு. அதனால எப்பவும் சரி.’ பிள்ளைகளின் தர்க்கத்தில் அடிக்கடி தென்படும் ஓட்டை இது. வாயால் சொல்லித் திருத்த முடியாது. கவராயத்தை எடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு வட்டம் வரைந்து அதன்மேல் 2 புள்ளிகள் வைத்து இணைத்தால் வட்டம் 2 பகுதிகளாகும். 3 புள்ளிகள் வைத்து ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் இணைத்தால் 4 பகுதிகள். 4 புள்ளிகளுக்கு 8. 5 புள்ளிகளுக்கு 16. ஆறுக்கு? வகுப்பே ‘32’ என்று கத்தும். வரைந்து எண்ணட்டும். 31தான் வரும். ஒன்று எங்கோ விட்டுப்போய்விட்டது என்று திரும்பத் திரும்ப எண்ணுவார்கள், பக்கத்து நோட்டை எட்டிப் பார்ப்பார்கள், அங்கேயும் 31. ஒரு எச்சரிக்கை: ஆறு புள்ளிகளையும் சம இடைவெளியில் வைக்க விடாதீர்கள். அப்படி வைத்தால் மூன்று விட்டங்கள் மையத்தில் சந்தித்து ஒரு பகுதி காணாமல் போய் 30 ஆகிவிடும். வட்டம் உள்ளங்கை அளவாவது பெரிதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சின்னப் பகுதிகள் பென்சில் கோட்டில் மறைந்துவிடும்.

இது முடிந்ததும், ‘இரண்டு ஒற்றை எண்களைக் கூட்டினால் இரட்டை எண். எப்பவுமா?’ என்று கேளுங்கள். 3ம் 5ம் 8, 7ம் 9ம் 16 என்று அடுக்கும் பிள்ளையிடம், ‘32ன்னு சொன்னோமே, ஞாபகம் இருக்கா?’ என்றால் தானாகவே உட்கார்ந்துவிடும். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, “ஒத்தைப்படைன்னா ஜோடி ஜோடியா வச்சா ஒண்ணு மிச்சம் இருக்கும். ரெண்டுலயும் மிச்சம் இருக்கிற ஒண்ணும் ஒண்ணும் ஜோடி சேர்ந்துரும்” என்று சொன்னால், அது முழுமையான நிரூபணம். 2m+1, 2n+1 என்று எழுதினால்தான் நிரூபணம் என்று நினைத்து அதைத் தள்ளிவிடக் கூடாது. இயற்கணிதம் சொல்வதும் அதே ஜோடியைத்தான்.

நோட்டில் என்ன மாற வேண்டும்

நம் பள்ளிகளில் நல்ல நோட்டு என்றால் அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு. ‘நீட்’டாக இருக்க வேண்டும் என்பதற்காக யோசித்த தடத்தை எல்லாம் அழிக்கச் சொல்கிறோம். கணக்கு நோட்டுக்கு மட்டுமாவது இந்த விதியைத் தளர்த்துங்கள். அழிரப்பர் பைக்குள் போகட்டும். தவறான வரியை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் நாலே சொற்களில் காரணம் எழுதட்டும்: ‘நேரம் சமம்னு நினைச்சேன்’, ‘கர்ணம் தேவையில்லை’. தேர்வுத்தாளில் ரஃப் ஒர்க்குக்கு வலப்பக்கம் கோடு போடுகிறோமே, அந்த இடத்தையே இதற்குப் பயன்படுத்தலாம். தேர்வுக்கு முந்தைய நாள் அந்த ஓரத்தை மட்டும் படித்தால்கூட, தான் வழக்கமாக எங்கே சறுக்குகிறோம் என்று பிள்ளைக்குத் தெரியும். எந்தக் கைடிலும் அது கிடைக்காது.

நீங்களும் பலகையை உடனுக்குடன் துடைக்காதீர்கள். ஜப்பானிய ஆசிரியர்கள் கணக்குப் பாடத்தில் முதல் வரி முதல் கடைசி வரி வரை, பிள்ளைகள் சொன்ன வெவ்வேறு வழிகள் உட்பட, எல்லாம் பலகையிலேயே இருக்கும்படி முன்கூட்டித் திட்டமிடுவார்கள். வேன் கணக்கில் அந்த 50 கடைசிவரை இருந்ததால்தான் திரும்பிப் போய்க் கேட்க முடிந்தது.

போர்ஷன் யார் முடிப்பது?

ஒரு கணக்குக்கு ஒரு பீரியடு கொடுத்தால் ஜனவரிக்குள் பாடம் முடியுமா என்ற கேள்வி நியாயமானது. எல்லா நாளும் இப்படி நடத்த முடியாது, நடத்தவும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு பீரியடு போதும். அதற்கான நேரம் பயிற்சிக் கணக்குகளிலேயே ஒளிந்திருக்கிறது: எண்கள் மட்டும் மாறும் எட்டுக் கணக்குகளில் நான்கை வீட்டுப்பாடமாக்கிவிடலாம். வாய்ப்பாடு தடுமாறும் பிள்ளைக்கு வாய்ப்பாட்டுப் பயிற்சி தனியாகத் தேவைதான். அது வரும்வரை யோசிக்கும் கணக்குகள் கிடையாது என்று ஒதுக்கிவைப்பதுதான் தவறு. வேலி போடுவதற்கு வாய்ப்பாடு அவ்வளவு தேவையில்லை.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் 100 மதிப்பெண்ணில் ஒரு மார்க் கேள்விகள் 14தான். மீதி எல்லாவற்றிலும் ஸ்டெப்புக்கு மார்க் உண்டு. ஸ்டெப்பை மனப்பாடம் செய்து ஒப்பிக்கவும் முடியும் என்பது உண்மைதான். ஆனால் புத்தகத்துக்கு வெளியிலிருந்து கட்டாய வினா வரும்போது மனப்பாடம் கைவிட்டுவிடும். 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்காக, சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் பேராசிரியர் ஆர். ராமானுஜம் தலைமையில் அமைந்த கணிதக் கல்விக் குழு, குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே கணக்குப் பாடத்தின் முதன்மை நோக்கம் என்றது. கொள்கை அங்கே இருக்கிறது. வகுப்புத் தேர்வின் வினாத்தாளோ நம் கையில்தான் இருக்கிறது.

அதில் ஒரு சின்ன மாற்றம் செய்யுங்கள். ஒவ்வொரு தேர்விலும் இரண்டு மார்க்குக்கு ஒரு கேள்வி: ‘5 பேர் 12 நாளில் முடிக்கும் வேலையை 6 பேர் 14.4 நாளில் முடிப்பார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கணக்குப் போடாமல், இது ஏன் தவறு என்று ஒரு வரியில் எழுதுக.’ சரியான விடை 10 நாள் என்று எழுதினால் மார்க் கிடையாது; காரணத்துக்கு மட்டும்தான் மார்க். முதல் தேர்வில் பாதி வகுப்பு 10 என்று எழுதிவிட்டு உங்களோடு சண்டைக்கு வரும். வரட்டும். எதற்கு மார்க் போடுகிறோமோ அதைத்தான் பிள்ளைகள் படிப்பார்கள்.

பெற்றோர் கூட்டத்தில் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் ‘எத்தனை மார்க்?’ என்று கேட்கட்டும், அதைத் தடுக்க முடியாது. கூடவே ‘எந்தக் கணக்கு பிடிச்சிருந்துச்சு, எப்படிப் போட்ட, சொல்லு’ என்றும் கேட்கட்டும். அம்மா அப்பாவுக்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. தெரியாதவரிடம் விளக்கும்போது பிள்ளைக்கு இன்னும் தெளிவாகும்.

இதற்கெல்லாம் புதுக் கணக்கு தேடி அலைய வேண்டாம். நாளை நடத்தப்போகும் பயிற்சியின் முதல் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வியோடு விடையையும் நீங்களே பலகையில் எழுதிவிட்டு, ‘இதுக்கு மேல ஏன் வர முடியாது, இதுக்குக் கீழ ஏன் வர முடியாது?’ என்று கேட்டுப் பாருங்கள்.